வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சாப்பாடும் சிகிச்சைதான்

ஐசியு வாசல்ல என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி: "டாக்டர், அப்பாவுக்குத்தான் குளுக்கோஸ் ஏறுதே, அது போதாதா?"

போதாதுங்க. அரை லிட்டர் 5% குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூட வராது. புரதம் பூஜ்யம்.

மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசைதான். மெஷின் அதோட வேலையைச் செய்யச் செய்ய அது மெலியும். கடும் நோயில் உடம்பு தன் தசையையே கரைச்சுக்கும். மெஷினை எடுக்கிற அன்னைக்கு மூச்சு விடவேண்டியது அந்தத் தசைதான்.

அதனால பிபி நிலையா இருந்தா, 48 மணி நேரத்துக்குள்ள மூக்குக் குழாய் வழியா உணவு ஆரம்பிக்கிறோம். எடுத்ததுமே மொத்தமும் கொடுத்தா ஆபத்து, படிப்படியா கூட்டணும். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் சுமார் 78 கிராம் புரதம் இலக்கு. கூடவே பிசியோதெரபி. அசையாத தசைக்குப் புரதம் மட்டும் போதாது.

வீட்டுக் கஞ்சி கொண்டு வர்றீங்க, அந்த அன்பு புரியுது. ஆனா அதில் பெரும்பகுதி தண்ணியும் மாவுச்சத்தும்தான்.

ஸ்கேன், புரொசீஜர்னு குழாய் உணவு அடிக்கடி நிற்கும். ரவுண்ட்ஸ்ல வென்டிலேட்டர் ஸ்க்ரீனோட ஃபீட் சார்ட்டையும் நான் பார்ப்பது அதனாலதான். நீங்களும் தினமும் கேளுங்க: "நேத்து எவ்வளவு கொடுக்க நினைச்சீங்க, எவ்வளவு உள்ளே போச்சு?"

கேட்கலாம். அது உங்க உரிமை.