ஒரு தறியில் ஓட்டிப் பார்!

இந்த வாரம் கல்லூரி லேபில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை.

லேப் நிர்வாகத்துக்கு உதவும் மாணவன் நான். 40 கணினிகளிலும் ஒரு சாஃப்ட்வேரை இருந்த இடத்திலிருந்தே நிறுவ வேண்டும். கூடவே ஒரு ஃபயர்வால் விதியையும் ஸ்கிரிப்ட்டில் சேர்த்து, எண்டர் தட்டினேன். வெளியிலிருந்து வரும் இணைப்புகள் அத்தனையும் அடைபட்டன. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டும் போச்சு! திருத்தத்தை அனுப்பவும் வழியில்லை. மறுநாள் காலை செய்முறைத் தேர்வு. இரவு பத்து மணிவரை ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து சரிசெய்தேன்.

உலகத்துக்கே இது நடந்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு முடங்கின. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் பூட் ஆகாத கணினியைத் தூரத்திலிருந்து எப்படித் தொடுவது? பல இடங்களில் ஆள் நேரில் போய், சேஃப் மோடில் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

ஆரணியில் பட்டு நெய்யும் அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "ஜக்கார்டு அட்டையில ஒரு ஓட்டை தப்பா இருந்தா, புட்டாவுக்குப் புட்டா அதே தப்பு வரும்டா. புது அட்டைன்னா முதல்ல ஒரு தறியில நாலு விரக்கடை ஓட்டிப் பார்ப்போம். அப்புறம்தான் மத்த தறிக்கு."

இப்போதெல்லாம் முதலில் ஒரு கணினி, பிறகு ஐந்து, அப்புறம்தான் மீதி. நீங்க எப்படி?