கேள்விக்குறி எங்க விழுந்தது?

பெரியம்மாட மகன் வத்தளையில வீட்டிலிருந்தே அப் எழுதிக் கொடுக்கிறவர். அவருடைய டெலிவரி அப் ஒன்றுக்குத் தமிழ் வசனங்கள் எழுதுவது என் வேலை. ஆர்ட்ஸ் படிக்கிறவைக்குக் கிடைக்கிற கைச்செலவு அதுதான்.

போன மாதம் ஒரு பிரச்சினை. பெயரைத் தமிழில் அடித்துச் சேமித்தால், திரும்பத் திறக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிகள். சிங்களத்திலும் அதே கதி. ஆங்கிலத்தில் ஒரு குறையுமில்லை. சேர்வரைப் பார்க்கிற கொம்பனிக்கு ஒரே பதில்தான்: "அது ஃபொன்ட் பிரச்சினை, உங்கட பக்கம் பாருங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஃபொன்ட் இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தானே வரும்! கேள்விக்குறி என்றால் வழியில் எங்கேயோ எழுத்துத் தொலைந்திருக்கு. அது ஃபோனிலா சேர்வரிலா என்று காட்ட, இரண்டுக்கும் நடுவில் போகிறதைப் படிக்க வேணும்.

அண்ணா முதலில் திறந்தது வயர்ஷார்க். 1998இல் ஈதீரியல் என்ற பெயரில் வந்து, 2006இல் பெயர் மாறினது. நெட்வேர்க்கில் போகிற ஒவ்வொரு பொதியையும் பிடித்துக் காட்டும். ஆனால் எச்டிடிபிஎஸ் பூட்டுப் போட்ட பேச்சில், யார் யாரோடு, எத்தனை பைட் என்பதுதான் தெரியும். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கனெக்ஷன் அடிக்கடி அறுகிறது என்றால் அதுதான் சரியான சாமான். எங்கட கேள்வி வேற.

வெப்சைட் என்றால் பிரவுசரில் எஃப்12 அழுத்தினாலே போதும். ஃபோன் அப்புக்கு நடுவில் நிற்கிற ப்ரொக்ஸி ஒன்று தேவை. சார்ல்ஸ் பார்க்க வடிவு, ஆனால் காசு. இலவசமாகப் பாவித்தால் அரை மணித்தியாலத்தில் மூடிக்கொள்ளும். ஃபிட்லர் கிளாசிக் விண்டோஸுக்கு மட்டும், அண்ணாட லப்டொப்பில் இருப்பது உபுண்டு. மிஞ்சினது மிட்ம்ப்ரொக்ஸி. கறுப்புத் திரை, பார்க்கவே பயம், ஆனால் இலவசம். பழைய லப்டொப்பிலும் ஓடும்.

அண்ட்ரொய்ட் 7இலிருந்து, நாங்கள் போடுகிற சான்றிதழை அப்கள் இயல்பாக நம்பாது. எழுதினவர் டெஸ்ட் பதிப்பில் அனுமதி கொடுக்க வேணும். எனக்கு இது பிடிச்சிருக்கு: சொந்த அப்பைத்தான் லேசாகத் திறக்கலாம். போர்டிங் வைஃபையில் அடுத்தவர் என்ன பார்க்கிறார் என்று எட்டிப்பார்க்க ஆசைப்படுகிறவர்கள், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை ஒருக்கா வாசிக்கலாம். அனுமதியில்லாமல் இடைமறிப்பது குற்றம்.

டெஸ்ட் பதிப்பை அண்ணா என் ஃபோனில் போட்டார். பெயர்ப் பெட்டியில் "வத்தளை" என்று அடித்தேன். போன கோரிக்கையில் தமிழ் முழுசாக இருந்தது. திரும்பி வந்த பதிலில் ஆறு கேள்விக்குறிகள். நாலு எழுத்துக்கு ஏன் ஆறு? யுனிகோடில் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனிக் கணக்கு.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பினோம். அதற்குப் பிறகு ஃபொன்ட் கதையே வரவில்லை. அவர்களுடைய டேட்டாபேஸ் பழைய மைஎஸ்கியூஎல். 8ஆம் பதிப்புக்கு முந்தினவற்றில் இயல்பாக இருப்பது லத்தீன் எழுத்துக்கான அமைப்பு. அதை மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்த பெயர்களை மீட்க வழியில்லை. அந்த ஆட்கள் திரும்ப அடிக்க வேணும். அவர்களுக்குப் போகிற மெசேஜின் தமிழ் வசனத்தைத்தான் இப்போ எழுதிக்கொண்டிருக்கிறேன்.