சக்கரம் நின்றால் வண்டி நிற்காது!

பாண்டியிலிருந்து கடலூர் ரோட்டில் தெற்கே போனால் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் படகுத்துறை, தவளக்குப்பம்... அங்கே இடது பக்கம் திரும்பினால் பூரணாங்குப்பம். அதையும் தாண்டினால் கடல்! ஞாயிற்றுக்கிழமையானால் பீச்சுக்குப் பறக்கிறது பைக் கூட்டம். ஐப்பசி மழையில் இந்தப் பக்கத்து ரோடு இருக்கிறதே... ஒரு இடத்தில் டிராக்டர் உதிர்த்த சேறு, இன்னொரு இடத்தில் மணல், நடுவில் தண்ணீர்!

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு மெக்கானிக் பெரியவர் சொன்னார்: "பயந்துபோய் பிரேக்கை ஒரே அமுக்கா அமுக்குறீங்க தம்பி. சக்கரம் நின்னுடும். வண்டி நிக்காது!"

மொத்த விஞ்ஞானமும் இதுதான் சார். உருளுகிற சக்கரத்துக்குத்தான் ரோட்டில் பிடிப்பு உண்டு. முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஹேண்டில்பாரை எப்படித் திருப்பினாலும் வண்டி கேட்காது. அடுத்த நொடி நாம் தரையில்!

ஏ.பி.எஸ். தடுப்பது இதைத்தான். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததுமே பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அழுத்தும். விநாடிக்குப் பல தடவை! லீவர் 'டகடக'வென்று துடிக்கும். பதறி விட்டுவிடாதீர்கள். அழுத்திக்கொண்டே இருங்கள்.

இந்தியத் தயாரிப்பு பைக்கில் இது முதலில் வந்தது 2011-ல், நம்ம ஓசூர் டி.வி.எஸ். அப்பாச்சியில். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமானது. பல ஸ்கூட்டர்களில் இருக்கும் சி.பி.எஸ். வேறு. ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொன்றும் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. சில பைக்குகளிலோ முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏ.பி.எஸ்! உங்கள் வண்டியில் எது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று முறுக்கவும் வேண்டாம். பொலபொல மணலில் வண்டி நிற்க, அது இல்லாத வண்டியைவிடக் கூடுதல் தூரம்கூட ஆகலாம். வழுக்கை டயருக்கும் அதனிடம் மருந்து இல்லை. நாற்பதில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 'ஐயோ' என்று விரல் பிரேக்கைத் தேடுவதற்குள்ளேயே பாதி ரோடு காலி!

ஆகவே, மணலைப் பார்த்தால் முன்னாடியே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போய் பிரேக்கைத் தேடாதீர்கள். கடல் எங்கேயும் ஓடிப்போய்விடாது!