கைத்தறி என்று எழுதுவதற்கு முன்



போன கிழமை கல்முனைச் சந்தையில் ஒரு நண்பரைக் கண்டேன். "என்ன சேர், மாமாட கடைய ஒன்லைன்ல போட்டு நல்லா உழைக்கிறீங்களாமே?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்பொக்ஸிலும் நாலைந்து பேர், தங்கள் வீட்டுக் கடையையும் இப்படிப் போடலாமா, எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியே எழுத நேரமில்லை. நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது காத்தான்குடி. எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. 2009இல் மருதமுனையில் கல்யாணம் முடித்தேன். வீட்டோடு ஒரு தறிக் கொட்டிலும் கடையும் சேர்ந்து வந்தன. முதல் ஒரு மாதம் தறிச் சத்தத்தில் பகல் தூக்கம் வரவில்லை. இப்போது சத்தம் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பிரதான வீதியோரம் வீட்டு விறாந்தையை அடைத்த ஒரு அறை. சாரன், பெட்ஷீட், துவாய், கொஞ்சம் சாறி. பின்னால் கொட்டிலில் இரண்டு தறி. மாமாவின் வாப்பா காலத்தில் ஆறு தறி இருந்ததாம். 1977க்கு முன் வெளிநாட்டுத் துணி வருவது கட்டுப்பாட்டில் இருந்தபடியால் ஊரில் நெய்ததெல்லாம் விற்றது. அந்த வருடம் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு மலிவுத் துணி வந்து இறங்கியது. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மிஞ்சியதை 2004 டிசம்பர் 26 கொண்டுபோனது. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; அதில் எங்கட ஊர்க் கரையும் ஒன்று. மாமா அந்தக் கதையைச் சொல்லமாட்டார். "மய்யித்துகள அடக்கின கிழமைல தறிய ஆர் தேடின?" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். பிறகு கடன் பட்டு இரண்டு தறி போட்டார். அந்த இரண்டுதான் இப்போதும் இருப்பவை.

அதற்குப் பிறகு ஓரளவு நடந்தது. மொனராகலை, அம்பாறைப் பக்கமிருந்து வான் பிடித்து அறுகம்பை, பாசிக்குடா பார்க்க வருகிறவர்கள் வழியில் நிறுத்திச் சாரன் எடுப்பார்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்த வான்கள் எங்கள் வாசலில் நிற்கவில்லை. யாரும் வந்து சண்டை பிடிக்கவில்லை, கல் எறியவில்லை. வராமல் விட்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் கொரோனா. 2020 மார்ச்சில் போட்ட ஊரடங்கில் கடை பூட்டு. நோன்புப் பெருநாள் வியாபாரம்தான் மாமாவுக்கு வருடத்தின் பாதி. அந்தப் பெருநாளுக்கு ஒரு சாரன்கூட விற்கவில்லை. ராக்கை நிறையத் துணி, மாமா கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படித்தான் 2021 பெப்ரவரியில் நானும் மச்சினியும் சேர்ந்து பேஸ்புக்கில் ஒரு பேஜ் திறந்தோம். மச்சினிக்குச் சிங்களம் நன்றாக வரும். நான் படம் எடுப்பேன், தமிழில் எழுதுவேன். அவள் சிங்களத்தில் எழுதுவாள். வாட்ஸ்அப்பிலும் போட்டோம். மாமாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "தொட்டுப் பாக்காம ஆர் மருமகன் சாரன் வாங்குவான்?" என்றார். நான் சிரித்தேன். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் கிடந்தது என்று அப்போது விளங்கவில்லை.

முதலில் நடந்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன், தொடங்குகிறவர்களுக்கு உதவும். குழாய் லைட்டில் எடுத்த படத்தில் நிறம் மாறும். மாதுளம்பழ நிறம் என்று நாங்கள் போட்டது ஆளுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் நிறம். காலையில் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில், கொட்டில் வாசலில், வெயில் நேரே படாமல் எடுத்தால் அசல் நிறத்துக்குக் கிட்ட வரும். சாமான் கைக்கு வந்த பிறகு காசு என்று போட்டால் ஓடர் நிறைய வரும், பார்சலும் நிறையத் திரும்பி வரும். ஒரு பார்சல் இரண்டு தரம் போய் இரண்டு தரம் திரும்பி வந்து, கூலியோடு கணக்குப் பார்த்தால் சாரனைச் சும்மா கொடுத்திருக்கலாம். பிறகு பாதிக் காசு முன்னுக்கு என்று மாற்றினோம். அளவு விஷயமும் அப்படித்தான். நாங்கள் 48 அங்குலம் என்று போட்டோம். ஒருவர் கழுவிவிட்டு அளந்து படம் அனுப்பினார், 46½. அன்றிலிருந்து ஒரு சாரனை நாங்களே கழுவிக் காயப்போட்டு அளந்து, கழுவிய பின் அளவையும் எழுதுகிறோம்.

இதெல்லாம் சில்லறை. நான் எழுத வந்தது வேறு.

நோன்புக்குச் சில நாள் இருக்கும்போது கேகாலையிலிருந்து ஒரு பெண்மணி சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார். தன் தகப்பனுக்காம். "இது உண்மையில் கையால் நெய்ததா?" மச்சினி "ஓம்" என்று எழுதப் போனவள், என்னிடம் காட்டினாள். நான் படத்தைப் பார்த்தேன். பச்சைக் கட்டம் போட்ட சாரன். ராக்கையில் தேடி எடுத்து மாமாவிடம் கொண்டுபோய் "இது எந்தத் தறில நெய்தது மாமா?" என்று கேட்டேன்.

மாமா கண்ணாடியைக்கூடப் போடவில்லை. விரலால் ஒருக்கா கரையைத் தடவினார். "இது மெசின் சாரன். கொழும்பில எடுத்தது."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேஜில் நான் போட்ட நாற்பது படத்துக்கும் மேலே ஒரே வரிதான்: "அசல் மருதமுனைக் கைத்தறி." அன்று இரவு மாமாவை இருத்தி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நாற்பதில் எங்கள் தறியில் நெய்தது பதின்மூன்று. ஊரில் மற்றத் தறிகளில் வாங்கியது ஆறு. மிச்சம் இருபத்தியொன்றும் மில் துணி.

மாமாவைப் பற்றிப் பிழையாக நினைக்க வேண்டாம். பள்ளிவாசலில் அவர் வாக்குக்கு மரியாதை இருக்கிறது. அவர் சொன்னதும் உண்மைதான்: "நான் ஆருக்கும் மெசின் சாரனக் கைத்தறி எண்டு சொல்லி விக்கல்ல. கடைக்கு வாற ஆள் தொட்டுப் பாப்பான், விலையக் கேப்பான், அவனுக்கே விளங்கும். கூலிக்காரன் எப்பிடி ஆயிரக்கணக்கில குடுத்துச் சாரன் வாங்குற? அவனுக்கும் ஒண்டு வேணுமே. மெசின் சாரன் இல்லாட்டி இந்தத் தறியும் ஓடாது."

ஓடாதுதான். கடையின் கரண்ட் பில்லையும் நூல் கடனையும் கட்டுவது அந்த இருபத்தியொன்றுதான். கடையில் அவர் சொல்லாமல் விட்டது பொய் இல்லை. வாங்குகிறவனின் கை கேட்டது, துணி பதில் சொன்னது. கைத்தறிக் கரையில் விரலை ஓட்டினால் சீராக இராது, ஊடை ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்து கிடக்கும். மில் துணி கண்ணாடி மாதிரிப் போகும். ஆனால் கேகாலையில் இருக்கிற பெண்மணியின் கையில் துணி இல்லை. என் வரி மட்டும்தான் இருக்கிறது. கடையில் மௌனமாக இருந்தது பேஜில் என் எழுத்தில் பொய்யாகிவிட்டது. எழுதியது மாமா இல்லை, நான். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் படிப்பிக்கிற நான்.

எங்கள் பாடசாலையில் இஸ்லாம் படிப்பிக்கிற மௌலவி ஒருவரிடம் அடுத்த நாள் ஸ்டாஃப் ரூமில் கேட்டேன், பார்க்காத சாமானை விற்கலாமா என்று. அவர் இரண்டு விஷயம் சொன்னார். மதீனாவில் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்கூட்டியே ஈச்சம்பழத்துக்குக் காசு கொடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை, அளவும் நிறையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். மற்றது நம் எல்லோருக்கும் தெரிந்த தானியக் குவியல் சம்பவம்: மேலே காய்ந்தது, உள்ளே கை விட்டால் ஈரம். "உங்கட பேஜில மேல எது, உள்ள எது சேர்?" என்று கேட்டுவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

கேகாலைப் பெண்மணிக்கு மச்சினி "இல்லை" என்று எழுதினாள். ஆனால் அதற்கு முன்பே பதினொரு பார்சல் போயிருந்தது. கணக்குப் பார்த்தால் அதில் நாலு மில் சாரன், கைத்தறி விலைக்கு. மாமாவிடம் சொன்னேன், நாலு பேருக்கும் கோல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று. மாமாவுக்குக் கோபம் வந்தது. "மருமகன், நீங்க கடைய நடத்தல்ல. பெருநாள் வருது, நூல்காரனுக்கு நான் காசு குடுக்கணும்." இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அதுவும் பெண் வீட்டில் இருந்துகொண்டு, இது எப்படி என்று மருமகன்மாருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் நோன்பு திறந்த பிறகு மாமாவே போனை நீட்டினார். "நம்பரப் போடுங்க. நான்தான் கதைப்பன், கடை என்ட." ஒருவர் திருப்பி அனுப்பினார். ஒருவர் விலை வித்தியாசத்தை வாங்கிக்கொண்டார். ஒருவர் சிரித்துவிட்டு, பரவாயில்லை மாமா, நல்லாத்தான் இருக்கு என்றார். நாலாம் ஆள் கோலை எடுக்கவே இல்லை. அவருக்குரிய காசு இன்னும் ஒரு கவருக்குள் லாச்சியில் கிடக்கிறது. அந்தப் பெருநாளுக்கு வீட்டில் பெரியவர்கள் யாரும் புது உடுப்பு எடுக்கவில்லை.

பிறகு பேஜை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் "மில் சாரன்", அதற்குரிய மலிவு விலை. மறு பக்கம் கைத்தறி, ஒவ்வொன்றுக்கும் நூல், அளவு, கழுவிய பின் அளவு, எத்தனை நாளில் தருவோம் என்பது. இந்தியாவில் கைத்தறித் துணிக்கென்று தனி முத்திரை 2006இல் கொண்டுவந்தார்கள். எங்கள் கடைச் சாரனில் அப்படி ஒன்றும் இல்லை. கடைக்காரன் சொல்லுவதுதான் முத்திரை. நம்பினால் சரி.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. எங்கள் கொட்டிலில் நெய்கிற ராத்தாவின் மகள் பேஜைப் பார்த்து உம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். ராத்தா பதினாறு வருடமாக நெய்கிறா. நாளைக்கு ஒன்றரைச் சாரன் அவவின் கணக்கு. சாரனுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் சாரன் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று அவவுக்கு அன்றுவரை தெரியாது. பின்வாசலால் வந்து பின்வாசலால் போகிறவ. அடுத்த நாள் காலையில் தறியில் இருக்காமல் கடை வாசலுக்கு வந்து நின்றா.

"காக்கா, இவ்வளவுக்கா இத விக்கிறீங்க?"

மாமாவிடம் பதில் இருந்தது. நூல், சாயம், பாவு ஓடுகிற கூலி, விற்காமல் கிடக்கிற துணி எல்லாம் விளக்கினார். எல்லாம் சரியான கணக்குத்தான். ராத்தாவும் தலையாட்டிக் கேட்டா. கேட்டுவிட்டு, "அப்ப நெய்ற கைக்கு எவ்வளவு எண்டும் அதில எழுதச் சொல்லுங்க சேரிட்ட" என்றா. கேலியாகத்தான் சொன்னா. ஆனால் மாமா அன்று மத்தியானம் சோறு சரியாகத் தின்னவில்லை. அந்த மாதக் கடைசியில் சாரனுக்குக் கூலி கூட்டினார். கேட்டால் பெருநாள் வந்ததால் கூட்டினது என்பார். அந்தக் கூலி பிறகு குறையவில்லை. 2022இல் டொலர் சில கிழமைக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போய், நூலும் சாயமும் தொட முடியாத விலைக்கு ஏறி, ஒரு தறி ஐந்து மாதம் சும்மா கிடந்தபோதுகூட அவர் அதைக் குறைக்கவில்லை.

அவவின் பெயரைப் போடட்டுமா என்று நான் கேட்டேன். "பேரும் வேணாம் மூஞ்சியும் வேணாம் சேர். மருதமுனை எண்டு போடுங்க, அது காணும்."

நல்லா உழைக்கிறீங்களா என்று கேட்ட நண்பருக்கு: இல்லை. மாதத்தில் இருபது, இருபத்தைந்து கைத்தறிச் சாரன் போகிறது. பெருநாள் மாதத்தில் கூடும். மில் சாரன் ஒன்லைனில் அநேகமாகப் போவதே இல்லை, மலிவான மில் சாரன் எல்லா ஊரிலும் கிடைக்கும்தானே; அது இப்போதும் கடையில், தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு விற்கிறது. கேகாலைப் பெண்மணி அதற்குப் பிறகு இரண்டு கைத்தறிச் சாரன் வாங்கினார். தகப்பன் வவ்த்தானபோது இன்னொன்று கேட்டு எழுதினார், வந்தவர்களுக்குக் கொடுக்க இல்லை, தனக்கு வைத்துக்கொள்ள என்று. காசு வேண்டாம் என்றோம். விடாமல் போட்டார்.

இப்போது பிரச்சினை வேறு. ஓடர் இருக்கிறது, தறி போதாது. ராத்தாவின் மகள் தானும் நெய்யப் போகிறேன் என்கிறாள், சாதாரண தரம் எழுதிவிட்டு இருக்கிறாள். உம்மாவுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, படித்தால் நல்லது என்று சொல்லுகிற ஆள் நான்.

எதற்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். மருதமுனையிலோ, காத்தான்குடியிலோ யாருடைய வீட்டுப் பின்பக்கத்திலாவது மூத்தப்பாமார் காலத்துத் தறி கழற்றிப்போட்டுக் கிடந்தால் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சட்டம் மட்டும் நல்லா இருந்தால் போதும், மிச்சத்தை மாமா செய்துகொள்வார். இன்பொக்ஸில் சொல்லுங்கள், வான் கொண்டு வந்து ஏற்றுகிறோம்.