நதிமூலம் பார்க்கலாமா?



விண்வெளியிலிருந்து சில சமயம் ஒரு ரேடியோ சிக்னல் பாய்ந்து வரும். ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்குதான் நீடிக்கும். அதற்குள் சூரியன் பல நாட்கள் வெளியிடும் ஆற்றலைக் கொட்டிவிடும்! இதற்கு 'அதிவேக ரேடியோ வெடிப்பு' என்று பெயர். 2001-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவான ஒன்றை, லோரிமர் குழுவினர் 2007-ல்தான் கண்டறிந்து அறிவித்தார்கள்.

உடனே எல்லாரும் நம்பிவிடவில்லை. அதே பார்க்ஸில் இதுபோலவே தெரிந்த வேறு சில சிக்னல்களின் மூலம் 2015-ல் தெரிந்தது. என்ன தெரியுமா? அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பு! அது நிற்பதற்குள் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். சிரிப்பு வருதா? ஆனால் அப்படித் தேடியதால்தான் நிஜம் எது, போலி எது என்று பிரிக்க முடிந்தது.

நிஜ சிக்னலில் உயர் அதிர்வெண் அலை முந்தி வரும், தாழ் அதிர்வெண் அலை பிந்தி வரும். வழியிலுள்ள எலக்ட்ரான்கள் செய்யும் வேலை அது. தாமதம் கூடினால் பொதுவாகத் தூரமும் கூடுதல்.

நம்ம நாடும் சும்மா இல்லை! 1970-ல் ஊட்டி அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கியவர் கோவிந்த் ஸ்வரூப். பிறகு புனே அருகே 30 பெரிய டிஷ்கள் கொண்ட தொலைநோக்கியையும் அமைத்தார். சுமார் 50 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்த 15 வெடிப்புகளை 2020-ல் அது பிடித்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் நம் பால்வீதிக்குள்ளேயே ஒரு வெடிப்பு! அதன் மூலம் ஒரு மேக்னட்டார். அதாவது, செத்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம். காந்தசக்தி மிக மிக அதிகம். எல்லா வெடிப்புக்கும் அதுதான் காரணமா என்று இன்னும் தேடுகிறார்கள்.

ப்ளஸ் டூ முடித்து இயற்பியல் படிக்க எனக்கு ஆசை. ஆச்சியோ, "ஏட்டி, நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாது. சோறு போடுத படிப்பாப் படி" என்கிறாள். ஐந்தருவியில் எங்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டி, திடீரென வெள்ளம் வரும். குளிக்கத் தடை போட்டால் அன்றைக்கு வியாபாரமே கிடையாது. அதனால் அப்பா தினமும் மலை உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் வாழைக்காய் சீவுவார்.

நதிமூலம் பார்த்துத்தானே எங்க வீட்டில் அடுப்பு எரியுது! நான் இன்னும் கொஞ்சம் மேலே பார்க்க ஆசைப்படுகிறேன். அது தப்பா, நண்பர்களே? நீங்களே சொல்லுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு