மேலே மட்டும் ஈட்டி

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என் கையாலேயே ஒரு மேசை செய்து தருவதாக வாய்விட்டுவிட்டேன். ஈட்டி மரத்தில் வேண்டும் என்றாள். முழுப்பலகையில் செய்தால் என் சம்பளம் தாங்காது. நினைத்தவுடன் கிடைக்கிற மரமும் இல்லை; ஈட்டியைக் காப்பதற்கென்றே 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஆகவே ப்ளைவுட்டின் மேல் ஈட்டி வெனீர், அதாவது அரை மில்லிமீட்டர் கன மர ஏடு. ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்தேன். கறுப்பும் ஊதாவுமான ரேகைகள் நடுக்கோட்டில் வந்து சேர்ந்துகொண்டன.

அக்காவின் மாமனார் வந்தார். விரல் மூட்டால் தட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, மேல மட்டுந்தான் ஈட்டியா? ஏமாத்து வேலைல்ல இது?”

சுருக்கென்றது. இந்த ‘ஏமாத்து வேலை’யை முதலில் யார் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

எனக்குத் தொழில் சொல்லித்தரும் ஆசாரியைக் கேட்டேன். “பெவிகால் வந்த பொறவு வந்த வேலைங்க” என்றார். நானும் நம்பினேன். ஆனால் 1806-லேயே மார்க் புருனல், தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் பின்னாளில் சுரங்கம் குடைந்த அதே மனிதர், வெனீர் அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இயந்திரம் வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்பே கையால் அறுத்துத் தீராத அளவுக்குக் கிராக்கி இருந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் ரோமாபுரி. வெசுவியஸ் வெடித்த 79-ஆம் ஆண்டில் இறந்துபோன மூத்த பிளினி, தன் இயற்கை வரலாற்று நூலின் 16-ஆம் பாகத்தில் அலுத்துக்கொள்கிறார்: மலிவான மரத்துக்கு விலையுயர்ந்த மரத்தைத் தோலாகப் போர்த்துகிறார்கள், ஒரே மரத்தைப் பலமுறை விற்கிறார்கள் என்று. அப்படியே அக்கா மாமனாரின் குரல்!

கடைசியில் எகிப்து. லுக்ஸர் எதிரே மேற்குக் கரையில், மன்னர் மூன்றாம் துட்மோஸின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் தச்சர்கள் வேலை செய்கிறார்கள். வயது சுமார் 3,400 ஆண்டு. நெருப்பின் மேல் ஒரு சட்டி, தூரிகையோடு ஒருவன், வெளிறிய பலகை, அதன்மேல் ஒட்டுவதற்கு மெல்லிய கருமர ஏடு. ஆசாரியிடம் போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தவர், “வஜ்ஜிரம் காய்ச்சுறான்யா!” என்று சிரித்தார். தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த அந்தப் பசையை ராத்திரி ஊறப்போட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்குவார்களாம். நாற்றம் தெருமுனை வரை போகும் என்றார். பெவிகால் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

நைல் கரையில் பெரும்பாலும் வளர்ந்தது வேலமும் காட்டத்தியும் போன்றவைதான். நீளமான நல்ல பலகை எளிதில் தராத மரங்கள். கருங்காலி தெற்கே நூபியாப் பக்கமிருந்து வரவேண்டும். வந்த கட்டையை யார்தான் முழுசாக மேசைக்காலாக்குவார்கள்? எனக்கு அது ஏமாற்றாகப் படவில்லை, சிக்கனமாகத்தான் படுகிறது.

கிரகப்பிரவேசத்தன்று மாமனார் மேசையைக் கவிழ்த்தார். அடியில் தேக்கு வெனீர். “கீழயுமா?”

“ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா பலகை வளைஞ்சிரும், மாமா.”

நிமிர்த்தி வைத்து மறுபடி தட்டிக்கொண்டே போனார். இடது மூலையில் விரல் நின்றது. அங்கேதான் குமிழி கிளம்பி, பிளேடால் கீறிப் பசை விட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியிருந்தேன்.

“இங்க மட்டும் சத்தம் வேற மாதிரி கேக்குதே, தம்பி?”