தேய்ந்த இரும்பு

என் இடது பூட்சுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புக் காலணி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவனுக்கு அதுதான் மூன்றாவது சக்கரம். வண்டிக்கு பிரேக் கிடையாது, ஒரே கியர், மெத்தனாலில் ஓடும் 500 சிசி எஞ்சின். நான்கு பேர், நான்கு சுற்று, எல்லாமே இடப்பக்க வளைவு. பின்சக்கரம் வெளியே சறுக்கும்போது ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்து, இடது காலை மண்ணில் தேய்த்தபடியே போகவேண்டும். தேய்ந்த இரும்புக்கு வெல்டிங் வைத்து வைத்து ஓட்டினேன், பதினெட்டு வருஷம்.

ஓட்டியது கிழக்கு ஜெர்மனியில், குஸ்த்ரோவில். 1969இல் அரசு ஒரு முடிவெடுத்தது: ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவரும் விளையாட்டுகளுக்கே முதலிடம். எங்களுடையது அதில் சேரவில்லை. செக் நாட்டு ஜாவா எஞ்சினுக்கு ஒரு பிஸ்டன் ரிங் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருப்போம். மேற்கே போய் ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

1983 செப்டம்பர் 4. மேற்கு ஜெர்மனியின் நோர்டன் ஊரில் உலக இறுதிப் போட்டி. கீல் நகரத்துக்காரர் எகோன் மூல்லர் ஐந்து ஓட்டத்திலும் முதலாவதாக வந்தார். 15க்கு 15 புள்ளி. நீள்தடப் பந்தயத்தில் 1974, 1975, 1976 என்று மூன்று முறை உலகப் பட்டம் வென்றிருந்தவர், இப்போது ஸ்பீட்வே பட்டத்தை வென்ற முதல் ஜெர்மானியரும் ஆனார். சமையலறையில் மேற்கு வானொலியைச் சன்னமாக வைத்துச் செய்தி கேட்டேன். மனைவி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். “நம்ம ஆள் ஜெயிச்சிட்டார்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த “நம்ம”வுக்கு நடுவில் ஒரு முள்வேலி போகிறதே என்று. சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அடுத்த ஜூலையில் மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயம் எங்களுக்கும் வந்தது. சில மாதங்களில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். எல்லை திறந்திருந்தும் கையில் பெட்ரோலுக்குக்கூடக் காசில்லை. பந்தய வண்டியை விற்றேன். இரும்பை மட்டும் விற்க மனம் வரவில்லை.

1991 கோடையில் மனைவியோடு பழைய டிராபண்ட் காரில் நோர்டன் போனேன். பந்தயம் இல்லாத நாள். தடத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் உள்ளே விட்டார். முதல் வளைவில் குனிந்து பூட்சில் இரும்பை மாட்டிக்கொண்டு நாலடி இழுத்து நடந்தேன். குஸ்த்ரோவில் கேட்ட அதே சரசரப்பு.

பெரியவர் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, அடுக்கடுக்காக வைத்த வெல்டிங்கைக் கட்டைவிரலால் தடவினார். எங்கே ஓட்டினாய், என்ன ஜெயித்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்த அந்த விளிம்பைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.